எங்க ஏரியா பால்வாடி: ஒன்றரை வருஷம் பாப்பாவ அனுப்பிட்டு எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் இதுக்கு ரெண்டு ரேட்டிங் குடுக்கறேன். ஆயாம்மா இருக்குற நாள்ல 5க்கு 4.5, ஆயாம்மா இல்லாத நாள்ல 5க்கு 2. அதே கட்டடம், அதே டீச்சர், அதே அரிசி பருப்பு, அதே 22 புள்ளைங்க. அவசரத்துல இருக்கறவங்க இந்த வரியோட கெளம்பிக்கலாம், மத்தவங்க உக்காந்து படிங்க, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மிக்ஸி வாங்கறதுக்கு முன்னாடி நாப்பது ரிவ்யூ படிக்கிறோம், பரோட்டா கடைக்கு சால்னா தண்ணியா இருந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதறோம், ஆனா தெனம் ஆறு மணி நேரம் பெத்த புள்ளைய விட்டுட்டு வர்ற எடத்தப் பத்தி தேடுனா ஒண்ணும் கெடைக்கல. மேப்ல எங்க பால்வாடிய போட்டுப் பாத்தா 5 ஸ்டார் ஒரே ஒருத்தர் குடுத்துருக்காரு, கீழ "குட்" னு ஒரு வார்த்தை. அவரு புள்ளைய விட்டாரா இல்ல ஓட்டு போட வந்தப்ப போட்டாரான்னு தெரியல, தேர்தல் வந்தா அதான் எங்க பூத்.

நான் திருச்சில டைல்ஸ் கடைல பில்லிங்ல இருக்கேன். வீட்டுக்காரர் துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வெல்டர். பாப்பாவுக்கு ரெண்டே முக்கால் வயசு இருக்கும்போது முதல்ல ஒரு ப்ளே ஸ்கூல்லதான் போட்டோம், பேரு வேணாம், எல்லா ஊர்லயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, வெளிய கார்ட்டூன் பொம்மை, உள்ள ஏசி, புல்லு மாதிரி பச்சை மேட். வருஷம் 32,000, அதுக்கு மேல பேக், ஐடி கார்டு, ஆண்டு விழாவுக்கு பட்டாம்பூச்சி டிரஸ் 1,200. அந்த ரெக்கைய வச்சு என்ன பண்றதுன்னு தெரியாம இன்னும் பீரோ மேலதான் கெடக்கு. சேத்து ஒரு மாசத்துல ஹோம்வொர்க் வந்துச்சு, நின்ன கோடு ரெண்டு பக்கம், படுத்த கோடு ரெண்டு பக்கம். பென்சில புடிக்கவே தெரியாத புள்ள, நான் கைய புடிச்சு எழுதி விட்டேன், டீச்சர் ஸ்டார் போட்டாங்க, அந்த ஸ்டார் எனக்குத்தான்.

ஒரு நாள் பாவாடை நனைஞ்சு கவர்ல கட்டி குடுத்து விட்டாங்க. என்னடான்னு விசாரிச்சா, பாத்ரூம் போகணும்னா இங்கிலீஷ்ல முழு வாக்கியமா கேக்கணுமாம். பாப்பா "மே ஐ கோ" வரைக்கும் வந்துருக்கா, அதுக்கப்புறம் வார்த்தை வரல, மூச்சா வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி நான் சிரிச்சேனா அழுதேனான்னு எனக்கே ஞாபகம் இல்ல.

அடுத்த வருஷ ஃபீஸ் கட்டுற நேரத்துல இவருக்கு ஓவர்டைம் நின்னு போச்சு. அப்பதான் பால்வாடி பேச்சு எடுத்தேன். அத்தை தோசைக்கல்ல இருந்து திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. "நமக்கு என்ன வக்கில்லாமயா போச்சு, பால்வாடில போய் தட்ட நீட்டி நிக்கணுமா எம் பேத்தி?" ன்னாங்க. இத்தனைக்கும் அவங்க பெத்த மூணும் பால்வாடில உப்புமா சாப்ட்டு வளந்ததுங்கதான், அத இவரு எடுத்துச் சொன்னதுக்கு அது அப்பன்னுட்டாங்க. சும்மா ஒரு மாசம் பாப்போம் அத்தைன்னு சொல்லி 2024 ஜூன்ல கூட்டிட்டுப் போனேன்.

இடம் எப்படின்னா, ஒரே ஒரு ஹால், பக்கத்துல சமையக்கட்டு, ஒரு ஸ்டோர். வெளிச்சுவத்துல யானை, கிளி, அ ஆ இ ஈ, அந்த யானைக்கு தும்பிக்கை கிட்ட பெயிண்ட் உரிஞ்சு பன்னி மாதிரி ஆயிடுச்சு. முன்னாடி வேப்பமரம், அதனால வெயில் தெரியல. ஃபேன் ரெண்டு, ஒண்ணு சுத்தும். டாய்லெட் இருக்கு, கதவுக்குத் தாழ்ப்பா இல்ல, ஒரு செங்கல்ல வச்சு சாத்துறாங்க, புள்ளைங்களுக்கு அது போதும்னாலும் பெரியவங்க ரெண்டு பேர் அங்க நாள் முழுக்க இருக்காங்க, அவங்களுக்கு அது பத்தாது. தண்ணி லைன் ஒருநாள் விட்டு ஒருநாள்.

உள்ள நுழையும்போது ஆயாம்மா முட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. முட்டைய தரைல ஒரு உருட்டு உருட்டி, விரிசல் விட்டதும் தண்ணிக்குள்ள விட்டு எடுத்தாங்க, ஓடு சட்டை கழட்டுற மாதிரி முழுசா வந்துச்சு. சுத்தி நாலு புள்ளைங்க குத்த வச்சு உக்காந்து அதையே பாத்துட்டு இருந்துச்சுங்க. ஒரு பையன் கைல ஒண்ணு குடுத்து "நீ உரி சாமி"ன்னாங்க, அவன் உரிச்சதுல பாதி வெள்ளைக்கரு ஓட்டோட போச்சு, ஆயாம்மா ஒண்ணும் சொல்லாம அந்தப் பிஞ்ச முட்டைய அவன் தட்டுலயே வச்சாங்க. எம் பொண்ணு என் கைய விட்டுட்டு அஞ்சாவது ஆளா போய் குத்த வச்சுட்டா. அவ்ளோதான் அட்மிஷன். ஆதார், பொறந்த சர்ட்டிஃபிகேட், தடுப்பூசி அட்டை எல்லாம் அடுத்த நாள் கொண்டு வாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. ஃபீஸ் எவ்ளோன்னு பழக்கதோஷத்துல கேட்டேன், டீச்சர் சிரிச்சுட்டு "ஒரு டவலும் மாத்துத் துணியும் குடுத்து விடுங்க"ன்னாங்க.

சாப்பாடு பத்தி தனியா எழுதணும், ஏன்னா எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. திங்கள் தக்காளி சாதம் முட்டை, செவ்வாய் கலவை சாதத்தோட கொண்டக்கடலை இல்லாட்டி பாசிப்பயறு, புதன் வெஜிடபிள் புலாவ் முட்டை, வியாழன் எலுமிச்சை சாதம் முட்டை, வெள்ளி பருப்பு சாதம் உருளைக்கிழங்கு. ஆக வாரம் 3 முட்டை. புலாவ்னு பேருதான், நம்ம வீட்டு தக்காளி சாதத்துல கேரட் பீன்ஸ் போட்ட மாதிரி இருக்கும், ஆனா சூடா இருக்கும், அன்னன்னிக்கு அங்கயே ஆக்குனது. எலுமிச்சை சாதம் எனக்கே புடிக்கும், ஒருநாள் லேட்டா போனப்ப ஒரு வாய் குடுத்தாங்க, கடுகு நெறைய போட்டு நல்லா தாளிச்சிருந்தாங்க. காலைல சத்துமாவு, கொழுக்கட்டையா புடிச்சும் குடுப்பாங்க, சில நாள் கஞ்சி. கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம்னு கலந்த மாவு. வீட்டுக்கு பாக்கெட்டா குடுக்குற அதே மாவத்தான் நம்மாளுங்க நெறைய பேர் மாட்டுக்குக் கரைச்சு ஊத்துறாங்க, அது வேற கதை. வறுத்து, நெய் ஒரு ஸ்பூன் விட்டு உருண்டை புடிச்சா ஒரு கொறையும் சொல்ல முடியாது.

எங்க வீட்ல சோறுன்னா வாயத் தெறக்காத புள்ள, அங்க வட்டமா உக்காந்து பக்கத்துப் பையன் தட்டப் பாத்துக்கிட்டே காலி பண்ணிடறா. இதுக்கே நான் 1 ஸ்டார் தனியா குடுப்பேன்.

இந்த உருண்டை பத்தி எங்கம்மாட்ட சொன்னப்ப அவங்க சொன்ன கதை ஒண்ணு. எங்கம்மா ஊரு மதுரை மாவட்டம். 1980ல உலக வங்கி கடன்ல தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, மதுரை பக்கந்தான் தொடக்கம், மூணு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்கள மாசாமாசம் எடை போட்டு, எடை ஏறாத புள்ளைக்கு மட்டும் சத்துருண்டை. எங்க சின்ன மாமா அப்ப கைக்குழந்தை, எடை ஏறவே இல்லையாம், தெனம் உருண்டை. எங்கம்மாவுக்கு அப்ப பத்து வயசு, அந்த வயசுக்கு உருண்டை கெடையாது, அதனால மாமாவ இடுப்புல தூக்கிட்டு வர்ற வழிலயே பாதிய கடிச்சிருவாங்களாம். "ஒம்மாமன் தேறாம போனதுக்கு நாந்தான் காரணம்"னு இப்பவும் சிரிப்பாங்க.

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1982 ஜூலை 1, எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்த ஆரம்பிச்சது எங்க திருச்சி பாப்பாக்குறிச்சில. ஸ்கூல் புள்ளைங்க சாப்பாடுன்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம், ஆனா அன்னிக்கே 2 வயசுலேர்ந்து 5 வயசு வரைக்கும் இருக்குற புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் ஆரம்பிச்சாங்க, அதுக்காகவே ஊருக்கு ஊர் குழந்தைகள் மையம். மத்திய அரசு இந்த ஐசிடிஎஸ், அதாவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்த 1975 அக்டோபர் 2ல வெறும் 33 வட்டாரத்துலதான் சோதனையா ஆரம்பிச்சிருந்தாங்க. அப்புறம் ரெண்டும் ஒண்ணாக் கலந்து இப்ப தமிழ்நாட்டுல மட்டும் 54,000க்கு மேல மையம். காசில்லாத காலத்துலயே இவ்ளோ பண்ணிருக்காங்க, அத்தை பெத்த மூணும் தட்ட நீட்டி நின்னது அப்படித்தான். வெக்கப்பட என்ன இருக்கு?

சரி படிப்பு. இங்கதான் அம்மாக்கள் மூஞ்ச சுளிப்பாங்க. ஏபிசிடி எழுத வைக்க மாட்டாங்க, ஹோம்வொர்க் கெடையாது, ரைம்ஸ் கம்மி. ஆடிப்பாடி விளையாடு பாப்பான்னு பாடத்திட்டம் ஒண்ணு இருக்கு, மாசத்துக்கு ஒரு தலைப்பு, ஒரு மாசம் காய்கறின்னா பாட்டு, கதை, வரையிறது எல்லாம் காய்கறி. டீச்சர் புளியங்கொட்டைய கொட்டி அஞ்சு அஞ்சா பிரிக்கச் சொல்வாங்க, ஆயாம்மா கொண்டு வந்த முருங்கைக் கீரைய உருவச் சொல்வாங்க, அதுவும் பாடந்தான்னு எனக்குப் புரியவே நாளாச்சு. ஒரு நாள் வீட்ல வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன், பாப்பா வந்து பெருசு தனியா சின்னது தனியா வரிசையா அடுக்கிட்டு, "இதுல மூணு கொறையுதும்மா"ன்னா. மூணு வயசு எட்டு மாசம். ப்ளே ஸ்கூல்ல நூறு வரைக்கும் ஒப்பிச்ச புள்ளதான் இவ, ஆனா மூணுன்னா எவ்ளோன்னு அங்க யாரும் காட்டல.

ஆனா நாலு வயசானா பாதிப் புள்ளைங்க காணாம போயிடுது. எல்லாம் எல்கேஜிக்கு. எங்க பால்வாடில 4 வயசுக்கு மேல இப்ப 5 பேர்தான். எல்கேஜிங்கற மூணு எழுத்துதான் நம்மள ஆட்டுது. இது கவர்மெண்டுக்கும் தெரியும், அதனாலதான் 2019 ஜனவரில நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருக்குற 2,381 அங்கன்வாடில எல்கேஜி யுகேஜின்னே போர்டு வச்சு ஆரம்பிச்சாங்க. ஜனங்க வந்தாங்க. 2022ல திடீர்னு அத நிறுத்தப் போறதா பேச்சு வந்து, எல்லாப் பக்கமும் சத்தம் போட்டதும் தொடரும்னாங்க. இப்படி இழுத்துட்டு இருந்தா எந்த அம்மா நம்பி விடுவா. சட்டத்துலயும் பாருங்க, கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுலேர்ந்து 14 வரைக்கும்தான். ஆறுக்குக் கீழ இருக்கறதுங்களுக்கு "அரசு முயற்சி செய்யும்"னு அரசியலமைப்புல 45வது பிரிவுல ஒரு வரி, அவ்ளோதான். முயற்சிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் ரேஷன் கடைல நிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு நல்ல விஷயம் சொல்ல மறந்துட்டேன், எடை. மாசம் ஒரு தடவை எடை, உயரம். சேந்த மூணாவது மாசம் டீச்சர் என்னைத் தனியா கூப்ட்டு, "பாப்பா அம்மா, ரெண்டு மாசமா எடை ஏறல, கோடு படுத்துருக்கு பாருங்க"ன்னு அட்டையக் காட்டுனாங்க. பச்சைலேர்ந்து மஞ்சளுக்கு எறங்குற எடத்துல புள்ளி நின்னுச்சு. நான் ஒல்லியா இருந்தா என்ன, எங்க குடும்ப வாகு அப்படின்னேன். அவங்க விடல, நர்ஸம்மா வர்ற நாள்ல வரச் சொன்னாங்க, பூச்சி மாத்திரை குடுத்தாங்க, ராத்திரி பால் பாட்டிலோட தூங்க வைக்கிறத நிறுத்தச் சொன்னாங்க. நாலு மாசத்துல புள்ளி பச்சைக்குள்ள வந்துச்சு. 32,000 வாங்குன எடத்துல ஒரு நாள் கூட இவள யாரும் எடை போட்டுப் பாத்ததில்ல.

இதுவரைக்கும் எழுதுனது 4.5 ஸ்டார் கதை. இனிமே 2 ஸ்டார்.

2025 ஜனவரில ஆயாம்மா ரிட்டயர் ஆயிட்டாங்க. புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் குடுத்துட்டு, வேப்பமரத்தடில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதுட்டுப் போனாங்க. அடுத்த ஆள் வரல. ஒரு மாசம், ரெண்டு மாசம், எட்டு மாசம். பக்கத்து ஏரியா ஆயா வாரம் ரெண்டு நாள் வந்து பாத்துட்டுப் போவாங்க, மத்த நாள் டீச்சர் ஒத்த ஆளு. ஒத்த ஆளுன்னா என்ன தெரியுமா? கூட்டணும், தண்ணி புடிக்கணும், காய் நறுக்கணும், ஒலை வைக்கணும், முட்டை வேக வைக்கணும், ஒரு புள்ளைக்கு கால் கழுவி விடணும், அதுக்குள்ள இன்னொண்ணு கடிச்சு வச்சிரும், நடுவுல மாசமா இருக்குற பொண்ணுங்க சத்துமாவுக்கு வருவாங்க, கையெழுத்து, எடை.

இதுக்கு மேல ஃபோன். போஷன் டிராக்கர்னு ஆப், 2021லேர்ந்து எல்லாம் அதுலதான். யார் வந்தா, யார் சாப்ட்டா, எடை எவ்ளோன்னு ஏத்தணும். இப்ப சத்துமாவு பாக்கெட் வாங்க வர்ற அம்மா மூஞ்சிய வேற ஃபோட்டோ புடிச்சு மேட்ச் பண்ணணும். நெட் கெடைக்காம வட்டம் சுத்திட்டே இருக்கும், டீச்சர் வாசல்ல வந்து ஃபோன வானத்துக்குத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, உள்ள குக்கர் விசில் அடிக்கும். ஒருநாள் நான் போகும்போது 22 புள்ளைங்களும் பாய்ல சுவரோரமா வரிசையா உக்காந்துருந்துச்சுங்க, கை கட்டி, வாய்ல விரல வச்சு. பாக்க ரொம்ப ஒழுக்கமா இருந்துச்சு. டீச்சர் அடுப்புல இருந்தாங்க. புளியங்கொட்டை டப்பா ஜன்னல் மேல தூசி படிஞ்சு இருந்துச்சு, பல மாசம் யாரும் எடுக்கலைன்னு தெரிஞ்சுது.

மார்ச்ல ஒரு பையன் கேட்ட தள்ளிட்டு வெளிய போயிட்டான். டீச்சர் சோறு வடிச்சிட்டு இருந்துருக்காங்க. தள்ளுவண்டில கீரை விக்கிற அக்கா பாத்து கைய புடிச்சு கூட்டிட்டு வந்து விட்டாங்க. மெயின் ரோடு நூறு அடி தூரம். விஷயம் தெரிஞ்சதும் அம்மாக்கள் நாலு பேர் போய் டீச்சர கத்துனோம், அதுல நானும் ஒருத்தி, இப்ப நெனைச்சா வெக்கமா இருக்கு. அவங்க பதில் பேசல, கரண்டிய கைல வச்சிக்கிட்டே நின்னாங்க. கஞ்சி கொட்டி மணிக்கட்டு செவந்து போயிருந்துச்சு. அந்த வாரமே மூணு பேர் புள்ளைய நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தல, ஏன்னா எனக்கு வேற வழி இல்ல, பெருந்தன்மைன்னு யாரும் நெனச்சுக்காதீங்க.

நாங்க எழுதிக் குடுத்தோம், ஆளெடுப்பு வந்ததும் வருவாங்கன்னு பதில். 2025 ஏப்ரல்ல அறிவிப்பு வந்துச்சு, தமிழ்நாடு முழுக்க 7,783 எடம் காலி, அதுல 3,592 ஆயாம்மா போஸ்ட். அப்ப எங்க கதை எங்களோடது மட்டும் இல்லன்னு புரிஞ்சுது. அந்த அறிவிப்புல சம்பளம் பாருங்க, புதுசா வர்ற ஆயாம்மாவுக்கு முதல் வருஷம் மாசம் 4,100, டீச்சருக்கு 7,700. டைல்ஸ் கடைல லோடு எறக்குற பையன் ஒரு வாரத்துல வாங்கறத ஆயாம்மா ஒரு மாசத்துல வாங்குறாங்க. இவங்கள அரசாங்க பாஷைல ஊழியர்னே ஒத்துக்கறதில்ல, சேவை பண்றவங்க, குடுக்கறது மதிப்பூதியம். ரிட்டயர் ஆகும்போது குடுக்கற கிராஜுவிட்டி உண்டுன்னு சொல்றதுக்கே 2022ல சுப்ரீம் கோர்ட் வர வேண்டியிருந்துச்சு. மத்திய அரசு பங்குல 2018லேர்ந்து டீச்சருக்கு 4,500, ஆயாம்மாவுக்கு 2,250, அதுலேர்ந்து ஏறவே இல்லன்னுதான் அவங்க ரோட்டுல உக்காந்து கேக்குறாங்க. சாப்பாட்டுக்கும் அதே கதை, 2017ல ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபான்னு மத்தியில வச்ச கணக்கு. கடைல ஒரு முட்டை என்ன வெலைன்னு நீங்களே சொல்லுங்க.

சும்மா ஆயாம்மா மேல உள்ள பாசத்துல பேசறேன்னு நெனைக்காதீங்க. பொருளாதார பேராசிரியர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து நம்ம தமிழ்நாட்டு அங்கன்வாடிலயே பெரிய ஆராய்ச்சி ஒண்ணு பண்ணிருக்காங்க. குலுக்கல் போட்டு சில மையத்துக்கு மட்டும் கூட ஒரு ஆள், அதுவும் அரை நாள் ஆள், புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுக்குன்னே. கட்டடம் மாத்தல, ஆப் மாத்தல. ஒன்றரை வருஷத்துல அந்த மையங்கள்ல சொல்லிக் குடுக்கற நேரம் ரெண்டு மடங்காச்சு, புள்ளைங்க கணக்குலயும் மொழிலயும் நல்லா முன்னேறிருக்கு. எனக்கு ஆச்சரியம் அது இல்ல. வயசுக்கேத்த உயரம் இல்லாத புள்ளைங்களும் ரொம்ப மெலிஞ்ச புள்ளைங்களும் அங்க கொறஞ்சுருக்கு. கூட வந்த ஆள் சோறு ஆக்கல, எடை போடல. பாடத்த அவங்க பாத்துக்கிட்டதால டீச்சருக்கு எடை பாக்க, அம்மாக்கள கூப்ட்டு பேச நேரம் கெடைச்சுது, அவ்ளோதான். என்னைத் தனியா கூப்ட்டு கோடு படுத்துருக்குன்னு சொன்னாங்கல்ல, அந்த அஞ்சு நிமிஷம் ஆயாம்மா உள்ள புள்ளைங்கள பாத்துக்கிட்டதால கெடைச்ச அஞ்சு நிமிஷம். ஆயாம்மா இல்லாத எட்டு மாசத்துல எடை போட்டாங்க, ஆப்ல ஏத்துனாங்க, ஆனா யாரையும் கூப்ட்டு பேசல.

ஆக என் கோரிக்கை சிம்பிள். சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கிற காசு, டிவி மாட்டுற காசு, புது ஃபோன் வாங்குற காசு எல்லாம் அப்புறம். போஸ்ட் காலியானா மறு மாசம் ஆள் வரணும், முடிஞ்சா ரெண்டு பேர் இருக்குற எடத்துல மூணு பேர் இருக்கணும். ஸ்மார்ட் டிவி எங்க மையத்துலயும் ஒண்ணு வந்துச்சு, கவர் பிரிக்காம ஸ்டோர்ல இருக்கு, அதுக்கு மேல உருளைக்கிழங்கு மூட்டை.

செப்டம்பர் கடைசில புது ஆயாம்மா வந்தாங்க. சின்ன வயசு, பன்னெண்டாவது முடிச்சவங்க, புருஷன் இல்ல, ரெண்டு புள்ளைங்க. முதல் வாரம் பருப்பு சாதத்துல உப்பு ரெண்டு தடவை போட்டாங்க, பாப்பா வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சா. ரெண்டாவது வாரம் புளியங்கொட்டை டப்பா கீழ எறங்கிருச்சு. நின்ன மூணு பேர்ல ரெண்டு பேர் திரும்பி வந்துட்டாங்க.

இன்னும் இருக்குற கொறை: எனக்கு கடை ஆறரை மணிக்குத்தான் முடியும், பால்வாடி சாயங்காலம் வரைக்கும்னு போர்டுல இருந்தாலும் மூணு மணிக்கு மேல புள்ளைங்கள கூட்டிட்டுப் போயிடுங்கன்னு ஜாடையா சொல்லுவாங்க, அத்தை இல்லன்னா நான் வேலைக்கே போயிருக்க முடியாது. ரெண்டு வயசுக்குக் கீழ இருந்தா விட முடியாது. எங்க கடைல பேக்கிங்ல இருந்த பொண்ணு கைக்குழந்தைய விட எடமில்லாம வேலைய விட்டுட்டா. பால்னான்னு மத்திய அரசு திட்டம் இருக்கு, அங்கன்வாடியோட சேத்து குழந்தைகள் காப்பகம், நாடு முழுக்க 17,000 தொறக்கறதா 2022ல திட்டம் போட்டாங்க. எங்க ஏரியாவுக்கு வரட்டும், வந்தா அதுக்கும் ரிவ்யூ எழுதறேன். அப்புறம் காலை உணவுத் திட்டம், 2022ல மதுரைல ஆரம்பிச்சாங்களே, ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் சூடா பொங்கல், உப்புமா. அதே காம்பவுண்டுல இருக்குற ஸ்கூல்லேர்ந்து அந்த தாளிப்பு வாசனை வரும்போது பால்வாடி புள்ளைங்க ஜன்னல்ல தொங்குதுங்க, இதுங்களுக்கு சத்துமாவு வர்ற வரைக்கும் வெய்ட் பண்ணணும்.

அத்தை இப்ப மாறிட்டாங்களான்னு கேப்பீங்க. முழுசா இல்ல. சொந்தக்காரங்க கேட்டா "ஸ்கூலுக்குப் போறா"ன்னுதான் சொல்றாங்க, எந்த ஸ்கூல்னு சொல்றதில்ல. ஆனா கொண்டு போய் விடறது அவங்கதான், போனா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவாங்க, கேட்டா புது பொண்ணுக்கு காய் நறுக்கத் தெரியலைன்னு நறுக்கிக் குடுத்துட்டு வர்றாங்களாம். சம்பளம் இல்லாத மூணாவது ஆள்.

சேக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு: போர்ட பாக்காதீங்க, பெயிண்ட பாக்காதீங்க. பதினோரு மணிக்கு சொல்லாம கொள்ளாம போய் எட்டிப் பாருங்க. உள்ள பெரியவங்க எத்தன பேர்னு எண்ணுங்க, புள்ளைங்க சத்தம் கேக்குதான்னு பாருங்க. அமைதியா இருந்துச்சுன்னா ஆயாம்மா இருக்காங்களான்னு கேளுங்க. தண்ணி பாட்டில்ல பேர் எழுதி விடுங்க, எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் வேற மூணு புள்ளைங்க பாட்டில் வந்துருக்கு, ஒண்ணோட மூடி இன்னும் எங்ககிட்டதான் இருக்கு, யாரோடதுன்னா திங்கக்கிழமை வாங்கிக்கோங்க.